பணப்பெட்டியைத் தேடாதீர்கள்

'தி பிக் லெபௌஸ்கி' படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கும், பார்த்துவிட்டு "இதுல என்னய்யா சிரிப்பு இருக்கு?" என்று திருதிருவென முழித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும் ஒரு முழு வார இறுதியும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆளில்லை. சிபாரிசு செய்தவர்கள் எல்லோரும் "செம படம்டா, பாத்துட்டு வா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எதனால் செம படம் என்று கேட்டால் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அவர்களாகவே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நொடி தாமதமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கோயன் சகோதரர்கள் எடுத்து 1998-இல் வெளிவந்த படம் இது. இதற்கு முன் அவர்கள் எடுத்த 'ஃபார்கோ'வை (1996) நான் ஏற்கனவே பார்த்துக் கிறங்கிப் போயிருந்தேன். திரைக்கதைக்கும் சிறந்த நடிகைக்குமாக இரண்டு ஆஸ்கர் வாங்கிய படம். ஒரு கடத்தல், ஒரு பணப்பெட்டி, ஒரு முடிச்சு அடுத்த முடிச்சை இழுத்துக்கொண்டே போகும். லெபௌஸ்கியிலும் கடத்தல் உண்டு, பணப்பெட்டி உண்டு என்று கேள்விப்பட்டதும், சரி, அதே சரக்கு இன்னொரு தடவை, கூடவே சிரிப்பு வேறு என்று எண்ணிக்கொண்டேன். நான் பட்ட பாட்டுக்கெல்லாம் ஆரம்பம் அந்த எண்ணம்தான். ஒரே இயக்குநரின் முந்தைய படத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இருவர் விஷயத்தில் அதை அடிக்கோடிட்டே சொல்ல வேண்டும்.

அப்போது இந்தப் படம் நான் தேடிய வரையில் ஒரே ஒரு ஓடிடி தளத்தில்தான் கிடைத்தது. இதற்காகவே ஒரு மாதச் சந்தா கட்டினேன். வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில் யாரும் இல்லை, ஹெட்போன் மாட்டி, விளக்கை அணைத்து, சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 117 நிமிடப் படம். எனக்கு அது நள்ளிரவைத் தாண்டி ஓடியது, காரணம் நான் அடிக்கடி பின்னால் ஓட்டி, "இப்ப யார் யாரை ஏமாத்தினாங்க?" என்று சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் காகிதத்தில் பெயர்களை எழுதி அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டேன். நகைச்சுவைப் படம் பார்க்கிறவன் செய்கிற காரியமா அது?

கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் படத்தின் கதையை முன்பே தெரிந்துகொள்வதில் உங்களுக்கு லாபம்தான். 1990-களின் தொடக்கம், லாஸ் ஏஞ்சலஸ். ஜெஃப்ரி லெபௌஸ்கி (நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ்) வேலைவெட்டி இல்லாத ஆள். தன்னை 'டூட்' என்றுதான் கூப்பிடச் சொல்வார். பவுலிங் கூடம் (கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம்), வீட்டு அங்கி, க்ரீம் கலந்த வோட்கா, அவ்வளவுதான் வாழ்க்கை. அதே பெயருள்ள ஒரு கோடீஸ்வரர் என்று தப்பாக நினைத்து இரண்டு அடியாட்கள் இவர் வீட்டுக்குள் புகுந்து, கழிப்பறைக் கோப்பையில் தலையை அமுக்கி, கடன் பாக்கி கேட்டு, போகிற போக்கில் கூடத்துக் கம்பளத்தின் மேல் சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறார்கள். கம்பளத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு டூட் அந்தக் கோடீஸ்வரரிடம் போகிறார். கொஞ்ச நாளில் கோடீஸ்வரரின் இளம் மனைவி கடத்தப்பட்டாள் என்று சேதி வர, பத்து லட்சம் டாலரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இவர் தலையில் விழுகிறது. கூடவே ஒட்டிக்கொள்ளும் நண்பர் வால்டர் (ஜான் குட்மன்), வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். பணத்தை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று, தன் அழுக்கு உள்ளாடைகளைத் திணித்த வேறொரு பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார். நிஜப் பெட்டியைக் காரில் விட்டுவிட்டுப் பவுலிங் ஆடப் போகிறார்கள். காரை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நடுவில் கோடீஸ்வரரின் மகளான ஓர் ஓவியர், ஆபாசப் படத் தயாரிப்பாளர் ஒருவர், எதிலுமே நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரியும் ஜெர்மானியர் மூவர், துணியில் சுற்றிய ஒரு கால்விரல்.

என் மண்டையில் ஓடியது ஒரே கேள்வி. பணம் எங்கே? இரண்டு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கடைசியில் பார்த்தால் பணமே கிடையாது. கோடீஸ்வரர் தந்த பெட்டியே போலி. அறக்கட்டளையில் இருந்து எடுத்த தொகையை அவரே விழுங்கிவிட்டு, பழியை ஒரு சோம்பேறியின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். அந்த மனைவியையும் யாரும் கடத்தவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஊர்சுற்றப் போனவள் தானாகத் திரும்பி வருகிறாள். யாரும் கைதாகவில்லை, யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, அந்தக் கம்பளம்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் மறுபடி பவுலிங் கூடத்துக்குப் போகிறார்கள், படம் முடிகிறது. நான் என் அம்புக்குறிக் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எரிச்சல் ஒரு பக்கம், நமக்குத்தான் அறிவு போதவில்லையோ என்கிற கூச்சம் இன்னொரு பக்கம். மறுநாளும் அதற்கு மறுநாளும் இந்தப் படத்துக்கு விளக்கம் சொல்லும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கம்பளம் எதன் குறியீடு, பவுலிங் பந்து எதன் குறியீடு என்று ஆளாளுக்கு ஒன்று. வார இறுதி முடிந்தபோது யார் யாரை எதற்காக ஏமாற்றினார்கள் என்பது எனக்குப் படத்தின் ரசிகர்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. போதாக்குறைக்கு, சந்தாவை ரத்து செய்யும் பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாதத் தொகையையும் பிடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் இது. இந்தப் படத்தின் கதை வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது. ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய துப்பறியும் நாவல்களின் பாணியில், கதையைத் தாறுமாறாகச் சிக்கலாக்கி, கடைசியில் அந்தச் சிக்கலுக்கு ஒரு முக்கியத்துவமும் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதே தங்கள் எண்ணம் என்று கோயன் சகோதரர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' 1939-இல் வந்த நாவல், 1946-இல் படமானது. அந்தப் படத்தை எடுக்கும்போது, கதையில் செத்துப்போகும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று சாண்ட்லரிடமே கேட்டார்களாம், அவருக்கும் தெரியவில்லையாம். சினிமாக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. 'தி பிக் லெபௌஸ்கி' என்ற தலைப்பே அந்தத் தலைப்பைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. துப்பறியும் ஆளின் நாற்காலியில், துப்பறியவே லாயக்கில்லாத ஒருவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். நான் அவருக்குப் பதிலாகத் துப்பறிந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் அந்தக் கூச்சமாவது குறைந்திருக்கும். படம் வெளியான ஆண்டிலும் பலருக்கு இதே கதிதான். சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்கத் திரையரங்குகளில் அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் வசூலித்தது. 'ஃபார்கோ' எடுத்தவர்களா இப்படி என்று உதட்டைப் பிதுக்கிய விமர்சகர்கள் நிறைய. வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள்தான் பிறகு இதைத் தூக்கி நிறுத்தினார்கள். 2002-இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ரசிகர்கள் கூடி ஒரு லெபௌஸ்கி விழாவே தொடங்கினார்கள். 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. முதல் தடவையிலேயே ஊர் முழுக்கச் சிரித்த படம் இது இல்லை. இரண்டாவது, மூன்றாவது தடவை பார்த்தவர்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு நாம் முதல் தடவைக்கு உட்கார்கிறோம், அதுதான் சிக்கல்.

இனி எனக்கு எப்படித் திறந்தது என்று சொல்கிறேன். சில வருடங்கள் கழித்து எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் கோவைப்பழச் சிவப்பு, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் நீராகக் கொட்டும். திரையைப் பார்க்கவே முடியாது. வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ், லுங்கி, சவரம் செய்யாத முகம் என்று கிடந்தேன். அப்போது வந்து தங்கியிருந்த சித்தி மகன், எங்கே தொற்றிக்கொள்ளுமோ என்று அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து டிவியில் ஏதோ ஒரு படத்தைப் போட்டான். ஆரம்பத்தில் வரும் அந்தக் கிழட்டுக் கௌபாய்க் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "டேய், வேற ஏதாவது போடுடா" என்றேன். "நீங்கதான் கண்ணை மூடிட்டுக் கிடக்கீங்களே, உங்களுக்கு என்னண்ணே?" என்றான். நியாயமான கேள்வி. சரி, ஓடட்டும் என்று படுத்துவிட்டேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டூட் பால் வாங்கும் கடையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அதில் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ், குவைத் மீது ஈராக் நடத்திய இந்த ஆக்கிரமிப்பைப் பொறுக்க முடியாது என்று விறைப்பாகப் பேசுவார். முதல் தடவை இதைக் காலத்தைக் காட்ட வைத்த காட்சி என்று கடந்துவிட்டிருந்தேன். அடுத்து பவுலிங் கூடத்தில் வால்டர், கம்பளத்தைப் பற்றிப் பேசும்போது மணலில் கோடு கிழிப்பதைப் பற்றி முழங்குகிறார். அதுவும் அந்தப் போர்க்காலத்துப் பேச்சு. பிறகு டூட் கோடீஸ்வரர் முன்னால் போய் நிற்கிறார். கம்பளத்தின் மேல் எவனோ அசுத்தம் செய்ததைச் சொல்லிவிட்டு, அதே புஷ் வாக்கியத்தை, அந்த ஆக்கிரமிப்பைப் பொறுக்க முடியாது என்பதை, கடைசியில் ஒரு 'மேன்' மட்டும் சேர்த்துச் சொல்கிறார். நான் கண்ணை மூடியபடியே குலுங்கிவிட்டேன். "அண்ணே, என்ன ஆச்சு? மருந்து ஒத்துக்கலையா?" என்று அந்தக் கோடியில் இருந்து குரல்.

அதற்குப் பிறகு காது அதையே தேட ஆரம்பித்தது. இந்தப் படத்தில் வார்த்தைகள் இரவல் குடை மாதிரி கை மாறிக்கொண்டே இருக்கின்றன. கோடீஸ்வரரின் உதவியாளர், அந்தப் பெண்ணின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது என்று டூட்டிடம் பதறுகிறார். எல்லாம் சொதப்பிய பிறகு டூட் அதே வாக்கியத்தை வால்டரிடம் ஒப்பிக்கிறார். காருக்குள் கால்விரலைக் காட்டும் காட்சியில் கோடீஸ்வரர், இனியொரு விரல் வருவதைச் சகித்துக்கொள்ள மாட்டேன் என்று 'அபைட்' (abide) என்ற ஒரு பழங்காலத்து ஆங்கிலச் சொல்லைப் போட்டு உறுமுவார். ரசிகர்கள் சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரியும் டூட்டின் கடைசி வசனம் இருக்கிறதே, அது அதே சொல்தான். காரில் வாங்கிக் கட்டிக்கொண்ட வார்த்தையை எடுத்துத் தனக்கே பட்டமாகச் சூட்டிக்கொண்டுவிட்டார். டூட் பேசுவதில் பாதி அடுத்தவர்கள் பேசியது. யார் எதைச் சொன்னாலும் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தமில்லாத இடத்தில் எடுத்து விடுவார். பணம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது கேட்கவே கேட்காது. நான் கேட்டேன் என்றால், பெட்டியில் பணம் இல்லை என்பது எனக்கு ஏற்கனவே தெரியும், அப்புறம் கண் வேலை செய்யவில்லை.

இதில் இருந்து நேராக வரும் யோசனை சப்டைட்டில் பற்றியது. முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல் நம்மில் பலருக்கு இந்த ஆங்கிலம் பிடிபடாது, போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை தயவுசெய்து அணைத்துவிடுங்கள். எழுத்து வந்தால் கண் அதைப் படித்து முடித்துவிடும். ஆள் பேசி முடிப்பதற்குள் நமக்கு விஷயம் தெரிந்துவிடும். டூட்டின் சிரிப்பெல்லாம் அந்த இழுவையில் இருக்கிறது. வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் தொலைத்து, வேறெங்கோ போய்க் கண்டெடுப்பார். கிரேசி மோகன் வசனத்தில் நமக்கு நேர்கிற சிக்கல் வேறு வகை. ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது கடந்து போய்விடும் என்பதால் மறுபடி பார்ப்போம். இங்கே எதுவுமே கடந்து போவதில்லை, எல்லாம் மெதுவாகத் திரும்பி வருகிறது. அது திரும்பி வந்தது என்று தெரியத்தான் இன்னொரு தடவை தேவைப்படுகிறது.

டானி (ஸ்டீவ் புஷெமி) என்ற மூன்றாவது நண்பரை முதல் தடவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் பந்தை உருட்டிவிட்டு வந்து உட்காருவார், பேச்சின் நடுவில் நுழைந்து, யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார், வால்டர் வாயை மூடச் சொல்வார். திரும்பத் திரும்ப இதுவேதான். ஒரு தடவை வால்டர், படத்தின் நடுவில் தியேட்டருக்குள் வந்துவிட்ட குழந்தையைப் போல நீ கேள்வி கேட்கிறாய் என்றே திட்டுகிறார். மெட்ராஸ் ஐ படுக்கையில் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வெள்ளிக்கிழமை இரவு முழுக்க யார், எங்கே, எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்தானே.

கண் சரியானதும் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை எதற்காகவும் அவசரப்படவில்லை. அந்தக் கடைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கி, கறுப்புக் கண்ணாடியுடன் டூட் பால் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். அடுத்து கல்லாவில் நிற்கும்போது மீசையில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு வாய் குடித்தாயிற்று. பிறகு 69 செண்டுக்குக் காசோலை எழுதுகிறார். ஒரு டாலர்கூட இல்லாத தொகைக்குக் காசோலை! இந்த ஆள் யார் என்று இதற்கு மேல் ஒரு வசனமும் வேண்டாம். காசோலையில் தேதி 1991 செப்டம்பர் 11. டிவியில் ஓடும் புஷ் பேச்சோ 1990 ஆகஸ்டில் பேசியது. ஒரு வருடப் பழைய செய்தி எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள். ஒரு வருடம் தள்ளித் தேதி போட்டுக் காசோலை கொடுத்துவிட்டு ஒரு வருடம் இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு, எனக்கு அது போதும்.

இன்னொரு காட்சி, காரைத் திருடியதாக இவர்கள் சந்தேகிக்கும் பள்ளிக்கூடப் பையன் வீடு. திரும்பக் கிடைத்த காரின் இருக்கை இடுக்கில் அவனுடைய வீட்டுப்பாடத் தாள் கிடைத்திருக்கிறது. முதல் தடவை நான் "பணத்தைப் பத்திக் கேளுங்கடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இப்போது பார்த்தால் எவ்வளவு இருக்கிறது! வால்டர் தன் கைப்பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட அந்த வீட்டுப்பாடத்தை வக்கீல் தோரணையில் எடுத்து நீட்டுகிறார், இது உன்னுடையதா என்று மறுபடி மறுபடி கேட்கிறார். தாளில் டி மதிப்பெண். பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கண்கூட அசைவதில்லை. அறைக்குள்ளேயே அவன் அப்பா செயற்கைச் சுவாசம் தரும் பெரிய இரும்புக் கூண்டுக்குள் படுத்திருக்கிறார், விசாரணை முழுக்க அந்த இயந்திரம் மூச்சுவிடும் சத்தம். அவர் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக் கௌபாய்த் தொடருக்கு எழுதியவர் என்பதால், வால்டர் நடுவில் அவருக்கு மரியாதை வேறு செலுத்துகிறார். கடைசியில் பொறுமை இழந்து வெளியே போய், வாசலில் நிற்கும் புத்தம்புது சிவப்புக் கார் பையன் அந்தப் பணத்தில் வாங்கியது என்று இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்குகிறார். கார் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஓடி வந்து அதே கம்பியைப் பிடுங்கி, வால்டருடைய கார் என்று நினைத்து டூட்டின் காரை நொறுக்குகிறார். அடுத்த ஷாட்டில் முன்கண்ணாடி இல்லாத காரில் மூவரும் பேசாமல் வருகிறார்கள், முகத்தில் காற்று அடிக்கிறது. இந்த வருத்தத்திலும் பர்கர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இது துப்பறியும் காட்சி என்றால் வீண். மூன்று பெரியவர்கள் ஒரு பொடியனிடம் தோற்றுத் திரும்பும் காட்சி என்றால் இதைப் போல வேறொன்று நான் பார்த்ததில்லை.

தெரிந்து வைத்துக்கொண்டால் உதவும் சில விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். பவுலிங்கில் பந்தை விடும்போது கால் கோட்டைத் தாண்டினால் அந்த வீச்சுக்குப் புள்ளி கிடையாது. எதிராளி கோட்டைத் தாண்டினார் என்று வால்டர் துப்பாக்கியை நீட்டும் காட்சியில், விதிப்படி அவர் சொல்வது சரியே. சரியான விஷயத்துக்கு யாரும் எடுக்காத ஆயுதத்தை எடுப்பதுதான் வால்டர். கோடீஸ்வரர் கொரியப் போரில் கால் இழந்ததாகச் சொல்பவர், வால்டர் வியட்நாம், டிவியில் ஓடுவது வளைகுடா. எல்லோர் வாயிலும் ஏதோ ஒரு போர் இருக்கிறது, சண்டை நடப்பதோ ஒரு கம்பளத்துக்கு. அப்புறம், பவுலிங்கே கதி என்று கிடக்கும் டூட் படத்தில் ஒரு ஆட்டத்தில்கூடப் பந்தை உருட்டுவதாகக் காட்டப்படுவதில்லை. இதை நீங்களே கவனிக்க விட்டிருக்கலாம், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாமே இரண்டாம் தடவையில் இனித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கனவுக் காட்சிகள் இப்போதும் எனக்கு நீளம்தான், போதைப் பாட்டும் நடனமுமாக அவை போகும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அந்த ஜெர்மானியர்கள் முதல் காட்சியில் சிரிப்பு, பிறகு சலிப்பு. ஜான் டர்டூரோ செய்யும் ஊதா உடைக்காரரை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், எனக்கு அவர் வந்து போவது குறைவு என்பதில் நிம்மதி. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஆனால் டானியின் சாவு. முதல் தடவை அது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது, சிரிப்புப் படத்தில் எதற்கு இது என்று. பவுலிங்கில் எப்போது பந்து விட்டாலும் அத்தனை கட்டையையும் சாய்ப்பவர், கடைசி ஆட்டத்தில் ஒரு கட்டை விழாமல் நிற்பதை வியப்போடு பார்க்கிறார். அதன் பிறகு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும் கைகலப்பில் மாரடைப்பு. அந்த ஒற்றைக் கட்டையை இரண்டாம் தடவையில்தான் பார்த்தேன். அஸ்தி வைக்கும் பாத்திரம் 180 டாலர் என்றதும் வால்டர் கொதித்து, ஒரு காபி டப்பாவில் அள்ளிக்கொண்டு கடலோர மலை முகட்டுக்கு வருகிறார். இரங்கல் உரை டானியில் தொடங்கி வழக்கம்போல் வியட்நாமுக்குப் போய்விடுகிறது. டப்பாவைக் கவிழ்த்தால் கடல்காற்று அத்தனை சாம்பலையும் டூட்டின் தாடியிலும் கண்ணாடியிலும் அப்புகிறது. டூட் வெடிக்கிறார், வால்டர் மன்னிப்புக் கேட்டுக் கட்டிக்கொள்கிறார், வா, பவுலிங் போகலாம் என்கிறார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டும் கலந்து வந்தது. வாழ்நாள் முழுக்க வாயை மூடச் சொன்னவனுக்குப் பேசத் தெரியாமல் பேசும் உரை அது என்பது முதல் தடவை எனக்கு எப்படித் தெரியும்? டானியை நான் கவனித்திருந்தால்தானே?

யாரோடு பார்ப்பது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கெட்ட வார்த்தைகள் இருநூறுக்கும் மேல் வரும். அப்பா, அம்மா, பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போட்டுவிட்டு ரிமோட்டைத் தேடி அலையாதீர்கள். வசைகளை மாற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஒரு பதிப்பு உண்டு, அதில் வால்டர் காரை உடைத்துக்கொண்டே ஆல்ப்ஸ் மலையில் அந்நியனைச் சந்திப்பது பற்றி ஏதோ கத்துவார். அது தனி வேடிக்கை, முதல் தடவைக்கு வேண்டாம். ஏற்கனவே ரசிகரான நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார், நீங்கள் அவருக்காகச் சிரிக்க வேண்டியிருக்கும். நீங்கள் ரசிகரான பிறகு அதே வேலையை அடுத்தவருக்குச் செய்யவும் வேண்டாம்.

பிடிக்காத எல்லா நகைச்சுவைப் படத்தையும் இப்படி இரண்டாம் தடவை பார்த்தால் திறக்குமா என்று கேட்டால், திறக்காது. பெரும்பாலானவை முதல் தடவையைவிட மோசமாகவே இருக்கும், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். படம் பிடிக்காமல் போய்ச் சில வாரம் ஆன பிறகும், பல் தேய்க்கும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ அதில் இருந்து ஒரு முகமோ ஒரு பேச்சோ தானாக வந்து நிற்கிறதா என்று பார்ப்பேன். லெபௌஸ்கியில் எனக்கு அந்த 69 செண்டுக் காசோலை அப்படி வந்துகொண்டே இருந்தது. வந்தால் இன்னொரு தடவை பார்க்கலாம், ஒன்றுமே வரவில்லை என்றால் விட்டுவிடலாம். பார்ப்பதாக இருந்தாலும் உடனே வேண்டாம். கதைச் சிக்கல் மறந்து, இதில் பணம் இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிற அளவுக்கு இடைவெளி விடுங்கள், சில மாதமாவது ஆகட்டும். அந்த இடைவெளியில் சந்தா ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டிய அன்றைக்கே ரத்து செய்தாலும் மாதம் முடியும்வரை பார்க்கவிடும் தளங்கள் உண்டு. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.